திண்ணையில் ஒரு ஷோகன்

முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கி வீட்டுக் கராஜில் நிறுத்திக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதன் அடியில் படுத்துக்கொள்வது வெளிநாட்டுக்காரர்கள் பலருக்கு ஒரு பழக்கம். கழற்றுவார்கள், துடைப்பார்கள், மாட்டுவார்கள். மிச்சமாகும் ஒரு நட்டைக் கையில் வைத்துக்கொண்டு முழிப்பார்கள்.

நம் ஊரில் ஸ்போர்ட்ஸ் கார் யாரிடம் இருந்தது? தெருவுக்கு ஒரு அம்பாசடரோ பியட்டோ நின்றாலே அது பெரிய வீடு. நம்மவர்களுக்கு அந்த ஆசை இரண்டு சக்கரத்தில்தான் வந்தது. ராஜ்தூத் 350, யெஸ்டி, ஆர்எக்ஸ் 100, ஷோகன்... எல்லாம் டூ ஸ்ட்ரோக். இன்றைக்கும் இவற்றைக் கட்டிக்கொண்டு அழுபவர்கள் ஊருக்குப் பத்துப் பேராவது இருப்பார்கள். ஓசூரில் கொஞ்சம் கூடுதலாகவே இருப்பார்கள். காரணம் இருக்கிறது.

ஓசூர் வண்டி செய்யும் ஊர். 1980 ஆகஸ்டில் இரண்டு பேர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட்டான டிவிஎஸ் 50 இங்கிருந்துதான் வெளியே வந்தது. அதே 1980இல் அசோக் லேலண்டும் இங்கே வந்தது. 1984 செப்டம்பரில் ஜப்பான் சுசுகியோடு சேர்ந்து இந்த்-சுசுகி ஏஎக்ஸ் 100. அதற்குப் பிறகு சாமுராய், ஷோகன். 1996 டிசம்பரில் ஷோகனின் சைலன்சருக்குள் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் வைத்தார்கள். இந்திய மோட்டார் சைக்கிளில் அதுதான் முதல் முறை. மறு வருடம் அக்டோபரில் ஐந்து கியரோடு ஷாவோலின். பிறகு 2001இல் சுசுகி தனியாகப் போய்விட்டது. அதற்கு முந்தைய வண்டிகள் எல்லாம் அன்றைக்கே 'பழசு' ஆகிவிட்டன.

அப்படிப்பட்ட ஒரு ஷோகன் சிப்காட் பக்கம் ஒரு வீட்டுத் திண்ணையில் நிற்கிறது. 1997 மாடல், கறுப்பு. நம்பர் பிளேட்டில் டி.என். 29 என்று இருக்கும். அது தருமபுரி நம்பர். கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2004 பிப்ரவரியில்தான். இன்றைக்கு ஓசூரில் பதிவாகும் வண்டிகளுக்கு டி.என். 70. ஆக, அந்த வண்டி தன் மாவட்டத்தைவிடவே வயதில் மூத்தது!

அதன் சொந்தக்காரர் டூல் ரூம் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். சிப்காட்டில் பெரிய கம்பெனிகளுக்குப் பாகம் செய்து தரும் ஒரு சின்னப் பட்டறையில் முப்பது வருடம். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, சீட்டு எடுத்து வாங்கிய வண்டி அது. 110 சிசி, 14 குதிரைத்திறன். அன்றைக்கு எல்லோரும் வாயைப் பிளந்து பார்த்த ஆர்எக்ஸ் 100க்கு 11தான். பொண்ணு பார்க்கப் போனதும் அதில்தான். பிரசவ வலி வந்த அன்றைக்கு நடு ராத்திரியில் ஆட்டோ தேடி அலைந்ததும் அதில்தான். (வீட்டம்மா அதில் ஏற மறுத்துவிட்டார். சத்தத்திலேயே குழந்தை பிறந்துவிடும் என்றாராம்.)

அந்தக் குழந்தைக்கு இப்போது இருபத்தாறு வயது. எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. தினமும் ஜூஜூவாடியும் அத்திப்பள்ளியும் தாண்டிப் போய் வருகிற லட்சக்கணக்கில் ஒருத்தி. அவளிடம் இருப்பது மின்சார ஸ்கூட்டர். அதுவும் இதே ஊரில் செய்ததுதான். ஏதர் 2021இல் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. அதே வருடம் போச்சம்பள்ளியில் ஓலா வந்தது. டிவிஎஸ்காரர்களே ஐக்யூப் செய்கிறார்கள். ஒரே திண்ணையில் இரண்டு வண்டி. ஒன்றுக்குச் சார்ஜர் ஒயர், இன்னொன்றுக்கு அடியில் ஆயில் சொட்டாமல் இருக்க ஒரு பழைய பிஸ்கட் டின் மூடி.

டூ ஸ்ட்ரோக் என்றால் என்ன என்று இன்றைக்குப் படிக்கிற பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். இன்றைய பெட்ரோல் பைக்கில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு முறை வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். வால்வு கிடையாது, கேம் கிடையாது. சிலிண்டர் சுவரில் உள்ள ஓட்டைகளைப் பிஸ்டனே திறந்து மூடும். அதனால்தான் சின்ன இன்ஜினில் அவ்வளவு துள்ளல். ஆனால் புதுக் கலவை உள்ளே வரும்போது பழைய புகை வெளியே போகும் ஓட்டையும் திறந்தே இருக்கும். ஊற்றிய பெட்ரோலில் கணிசமான பங்கு எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். இன்ஜின் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்தே எரியும். அந்த நீலப் புகை அதுதான். 2000ஆம் ஆண்டு வந்த புகை விதி, ஹைட்ரோகார்பனும் நைட்ரஜன் ஆக்சைடும் சேர்த்துக் கிலோமீட்டருக்கு 2 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்றது. 2005இல் அது 1.5 ஆனது. டூ ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக விடைபெற்றன.

சரி, அந்த வண்டியை வீட்டில் வைத்துப் பராமரிப்பது எப்படி?

முதல் பாடம் பிளக். வாரத்துக்கு ஒரு முறை அவர் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்துப் பார்ப்பார். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்கிற மாதிரி. காபிப் பொடி நிறம் என்றால் நலம். கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். வெளுத்துப் போயிருந்தால் ஆபத்து. காற்று அதிகம், பெட்ரோல் குறைவு, இன்ஜின் காய்கிறது என்று அர்த்தம்.

இதில் ஓசூருக்கு என்று ஒரு விசேஷம் உண்டு. கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம். காற்று கொஞ்சம் மெலிது. கார்புரேட்டருக்கு அது தெரியாது. அதனால் இங்கே கலவை சற்றுக் கெட்டியாகவே போகும். அதே வண்டியை எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு இறங்கினால் ஊர் பல நூறு மீட்டர் தாழ்ந்துவிடும், வெயிலும் ஏறிவிடும். இங்கே காபி நிறத்தில் இருந்த பிளக் அங்கே வெளுக்கத் தொடங்கும். ஐம்பது கிலோமீட்டர் தூரத்தில் இன்ஜினுக்கு இரண்டு சீதோஷ்ணம்.

இந்தப் பாடத்தை அவர் கற்றது மேலுமலை இறக்கத்தில். ஏழெட்டு வருடத்துக்கு முன் ஒரு சித்திரை வெயில். கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறார். சூளகிரி தாண்டி இறக்கம் வந்ததும் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு கியரிலேயே வண்டியை உருட்டினார். பெட்ரோல் மிச்சம் என்ற நினைப்பு. பெட்ரோலில் ஆயில் கலந்து ஓட்டும் டூ ஸ்ட்ரோக்கில் இது பெரிய தப்பு. ஆக்சிலேட்டரை மூடினால் பெட்ரோல் வராது. பெட்ரோல் வராவிட்டால் ஆயிலும் வராது. சக்கரமோ இன்ஜினை வேகமாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். 'கீச்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்ததால் பிழைத்தார். பின்னால் வந்த லாரிக்காரர் கன்னடத்தில் திட்டிவிட்டுப் போனார். கல்யாணச் சாப்பாடு போயிற்று.

பிஸ்டன் பிடித்துக்கொண்டது. சிலிண்டரை லேத்தில் கொடுத்துப் போர் போட்டு, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டார். மூன்று மாதத்தில் மறுபடியும் பிடித்தது. இந்த முறை இறக்கமும் இல்லை, வெயிலும் இல்லை. பாகலூர் ரோட்டில், சமதரையில். மறுபடி போர், மறுபடி பிஸ்டன். ஊரில் எல்லா மெக்கானிக்குகளும் ஆளுக்கு ஒரு காரணம் சொன்னார்கள். ஆயில் சரியில்லை. பிஸ்டன் டூப்ளிகேட். சீனா ரிங். கண் பட்டுவிட்டது!

மூன்றாவது முறை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. பழைய பட்டறையிலிருந்து மைக்ரோமீட்டரைக் கடன் வாங்கி வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஐம்பது மைக்ரான் அளவுதான் இடைவெளி வேண்டும். தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அளந்தார். சரியாகவே இருந்தது. அப்படியானால் நோய் பிஸ்டனில் இல்லை. வேறு எங்கேயோ இருக்கிறது, பிஸ்டன் அதற்குப் பலியாகிறது.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை போன பிறகு பிடிபட்டது. கிராங்குக்கு இரண்டு பக்கமும் ரப்பர் ஆயில் சீல் உண்டு. கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை இன்ஜின் உறிஞ்சும். வெள்ளைப் புகை கொட்டும், ஊருக்கே தெரியும். மேக்னெட்டோ பக்கத்துச் சீல் போனால் எந்த அடையாளமும் இருக்காது. வெளிக்காற்றைத் திருட்டுத்தனமாக உள்ளே இழுக்கும். கலவை மெலியும். இன்ஜின் காயும். ஒருநாள் பிடித்துக்கொள்ளும். இருபது வருடத்தில் அந்த ரப்பர் பிளாஸ்டிக் மாதிரி இறுகிப் போயிருந்தது. ஒரு ஹோட்டல் டிபன் விலையில் கிடைக்கிற சீல்! அதற்காக இரண்டு பிஸ்டன், இரண்டு போர்.

"அண்ணா, நாங்க மேலேயே பார்த்துட்டு இருந்தோம், நீங்க கீழே பார்த்தீங்க" என்று மெக்கானிக் பையன் சொன்னானாம். அன்றிலிருந்து அவனும் சீலை முதலில் பார்க்கிறான். பழைய வண்டியில் உடைந்த பாகத்தை மாற்றுவது சுலபம். அது ஏன் உடைந்தது என்று கேட்பதற்குத்தான் பொறுமை வேண்டும்.

அடுத்த பாடம் பெட்ரோல். 2025இல் நாடெங்கும் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் வந்துவிட்டது. புது வண்டிகள் அதற்கென்றே செய்யப்பட்டவை. 1997 வண்டியின் ரப்பர் டியூபுக்கும் கார்புரேட்டர் வாஷருக்கும் அது பழக்கமில்லாத சாப்பாடு. ஊறிப் போகும், வெடிக்கும். எத்தனால் காற்றில் உள்ள ஈரத்தையும் இழுக்கும். வண்டி மாதக்கணக்கில் நின்றால் தண்ணீர் சேர்ந்து அடியில் தங்கும், டேங்க் துருப்பிடிக்கும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவையும் மெலியும். ஓசூர் உயரம் கலவையைக் கெட்டியாக்குகிறது, எத்தனால் மெலிதாக்குகிறது, ஓரளவு சரிக்குச் சரி என்று அவர் சிரிப்பார். இருந்தாலும் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் பெரிதாக்கிவிட்டார். ரப்பர் டியூபை வருடம் ஒருமுறை மாற்றுகிறார்.

முன்பெல்லாம் வண்டியை நிறுத்தி வைப்பதானால் டேங்கை நிரப்பி வை என்பார்கள். உள்ளே காற்று இல்லாவிட்டால் துரு இல்லை. இப்போது நிரப்பி வைத்தால் பெட்ரோலே கெடுகிறது. காலியாக வைத்தால் டேங்க் கெடுகிறது. அவர் கண்டுபிடித்த வழி ஒன்றுதான். வாராவாரம் ஓட்டுவது. ஞாயிறு காலை ஆறு மணிக்குக் கிளம்பி இருபது கிலோமீட்டர். ஒரு லிட்டருக்கு 20 மில்லி ஆயில் அளந்து கலப்பார். அளக்க வைத்திருப்பது இருமல் மருந்து மூடி. வீட்டுக்கு வந்ததும் பெட்ரோல் குழாயை மூடிவிட்டு, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீர்ந்து இன்ஜின் தானாக நிற்கும்வரை விடுவார். அவ்வளவுதான் பராமரிப்பு. நிறுத்தி வைத்த வண்டிதான் சீக்கிரம் சாகிறது.

பாகங்களுக்கு அலைவது தனிக் கதை. பெங்களூர் ஜே.சி. ரோடு, இல்லாவிட்டால் சென்னை புதுப்பேட்டை. கடைக்காரரிடம் வண்டி பெயரைச் சொன்னால் சிரிக்கிறார். பாகத்தைக் கையில் எடுத்துப் போய்க் காட்டினால் உள்ளே போய்த் தேடுகிறார். கிடைக்காததை அவரே லேத்தில் கடைந்துகொள்கிறார். முப்பது வருடத் தொழில் அதற்காவது உதவட்டுமே.

காகிதமும் ஒரு பாகம்தான். சொந்த வண்டியின் பதிவு 15 வருடம் செல்லும். பிறகு ஐந்தைந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். 1997 வண்டி 2012இல், 2017இல், 2022இல் பிரேக் இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றது. 2022 ஏப்ரலில் பைக்குக்குப் புதுப்பிக்கும் கட்டணம் 1,000 ரூபாய் ஆனது. 2025 ஆகஸ்டில் 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2,000 ஆனது. டெல்லிப் பக்கம் மாதிரி 15 வருடம் ஆனால் ஓட்டவே கூடாது என்று இங்கே இல்லை. அதுவரை சந்தோஷம். ஆனால் 2021இல் வந்த விதிப்படி 'வின்டேஜ்' என்ற மரியாதை கிடைக்க 50 வருடம் ஆக வேண்டும். இருபத்தெட்டு வயது வண்டிக்கு இரண்டும் இல்லை. புதுசும் இல்லை, புராதனமும் இல்லை. நடுத்தர வயது மனிதர்களுக்கு மரியாதை கிடைக்காத மாதிரிதான்.

அடுத்த புதுப்பித்தல் 2027இல் வருகிறது. பிரச்சினை அங்கேதான் ஆரம்பித்தது.

அவருக்கு வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஷோகனுக்கு செல்ஃப் ஸ்டார்ட் கிடையாது, கிக்கர்தான். குளிர்காலக் காலையில் ஏழெட்டு உதை வேண்டும். டாக்டர் ஒரு உதைகூட வேண்டாம் என்கிறார். அதே சமயம் பெங்களூரிலிருந்து ஒரு பையன் வந்து வண்டியைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வாங்கிய விலையைவிடப் பெரிய தொகை சொன்னான். டூ ஸ்ட்ரோக் இப்போது ஃபேஷன் ஆயிற்றே!

"குடுத்துடுங்களேன்" என்றார் வீட்டம்மா. "திண்ணையில துளசி மாடமாவது வைக்கலாம்."

மகள் இன்னும் நேராகவே கேட்டாள். "அப்பா, நீங்க ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் விடற புகையை நான் வருஷம் பூரா சேர்த்து விட மாட்டேன். தெரியுமா?"

அவரிடம் பதில் இல்லை. அவள் சொன்னது உண்மை. அவரே சைலன்சரைக் கழற்றிக் கரி சுரண்டுகிறவர். உள்ளே எவ்வளவு தங்குகிறது, வெளியே எவ்வளவு போகிறது என்று அவருக்குத் தெரியாதா? மின்சார வண்டிக்கு வேண்டிய கரண்டும் எங்கேயோ நிலக்கரி எரித்துத்தானே வருகிறது என்று சிலர் வாதம் செய்வார்கள். அவர் அந்த வாதம் செய்யவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, இன்ஜினின் வலது பக்கம் கை காட்டினார்.

"அந்தக் கிக்கர் போகுதில்ல, உள்ளே ஒரு புஷ் இருக்கும். தொண்ணூத்தாறு, தொண்ணூத்தேழுல நாங்கதான் அதைக் கடைஞ்சு குடுத்தோம். பெட்டி பெட்டியாப் போகும். அளந்து பாஸ் பண்றது நான். இந்த வண்டியில இருக்கறது நான் அளந்ததான்னு தெரியாது. இருக்கலாம்."

மகளுக்கு அது புதிய செய்தி. இருபத்தாறு வருடம் அந்த வண்டியை அப்பாவின் பைத்தியம் என்றே நினைத்திருந்தாள். கம்பெனி பெயர் டேங்கில் இருக்கிறது. புஷ் கடைந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் சிப்காட் பட்டறைகளில் அப்படி வாழ்நாளைக் கழித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் செய்ததெல்லாம் வேறு யாருடைய வண்டிக்குள்ளோ போய்விட்டது. கண்ணில் பார்க்கவும் முடியாது. இவருக்கு ஒன்றாவது திண்ணையில் நிற்கிறது.

பெங்களூர்ப் பையனுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை. முழங்கால் சரியாகவில்லை, சரியாகப் போவதும் இல்லை. 2027இல் வண்டியை யார் ஓட்டிக்கொண்டு போய் இன்ஸ்பெக்டரிடம் காட்டுவது என்றும் முடிவாகவில்லை.

ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை சோக்கை இழுத்துவிட்டுக் கிக்கரில் கால் வைத்தது மகள். அவர் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். ஐந்தாவது உதையில் கிக்கர் திருப்பி அடித்துக் கணுக்காலில் காயம். ஒன்பதாவது உதையில் ஸ்டார்ட் ஆயிற்று. நீலப் புகை திண்ணையை மூடியது. பக்கத்து வீட்டு ஜன்னல் 'டப்' என்று சாத்தியது.

"இதை ஓட்டறதுக்காக இல்லப்பா" என்றாள் இருமிக்கொண்டே. "நின்னு போயிடக் கூடாதுன்னுதான்."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கையை நீட்டி பிளக் ஸ்பானரைக் கொடுத்தார். வண்டி ஆறியதும் பிளக்கைக் கழற்றி வெயிலில் பிடித்து நிறம் பார்க்க வேண்டுமே.